புதன்கிழமை அட்டையில் என் கையெழுத்து

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போகாதே. இந்தக் கடிதத்துக்குள் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே சுகம் என்றால் சுகம்தான். உன் கல்யாணச் செய்தி வந்து சேர்ந்தது. பெண்ணின் படமும் வந்தது. பல்லை மறைக்காமல் சிரிக்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும், அவளையும் பிடித்துவிட்டது. இதை அவளும் படிக்கலாம். அவளுடைய தாய் தகப்பனும் படிக்கலாம். மறைத்து வைத்துப் படிக்கிற கடிதமாக இருக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு தெளிவாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதுகிறேன்.

உன் கடிதத்தை உன் அப்பாவிடம் கொடுத்தபோது கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து என் பாடக்குறிப்புக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன். அதில் நீ எழுதியதை நீயே மறந்திருக்க மாட்டாய். “ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் வெளியே வரப் பாஸ் கிடைக்கும், மற்றவர் ஊரிலேயே பிணை நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் வாருங்கள் அம்மா. அவர் வர வேண்டாம். அவருக்கு நடக்க முடியாது என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன்.” நன்றாக நடக்கிற மனிதரை இருந்த இடத்திலிருந்தே முடமாக்கிவிட்டாய், கெட்டிக்காரன். திட்ட வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தேன். குடும்பத்தின் மானத்தைக் காக்க வாய் கூசாமல் பொய் சொல்கிற பழக்கம் உனக்கு உன் அப்பாவின் பக்கத்தால் வரவில்லை. அது என்னிடமிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாஸ் கொடுக்கிற இடத்தில் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன், என்னோடு படிப்பிக்கிற ஆசிரியையின் தம்பி, நாளைக் காலையில் வள்ளம் ஏறக் கிளாலிக்குப் போகிறான். எனக்கு நேரம் இல்லை; ஆனால் சுருக்கிச் சொன்னால் உனக்கு விளங்காது.

லொறி ஓடிய காலத்தில் உன் அப்பா குடிக்காதவர் என்று நான் சொல்ல மாட்டேன். மருதனார்மடத்துச் சந்தையில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவார். திரும்பி வந்த நாளில் ஒரு போத்தல் கள்ளு, மறுநாள் வேலை. சண்டையால் பாதை மூடப்பட்டு, டீசல் இல்லாமல் போய், லொறியை நாலு கல்லின் மேல் ஏற்றி வைத்த பிறகுதான் அது வேறு குடியானது. கள்ளுப் போய்க் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் வந்தது. முதல் ஒரு வருஷம் நான் செய்ததெல்லாம் மறைத்ததுதான். யாராவது கேட்டால் காய்ச்சல் என்பேன். விழுந்து முழங்கை உரிந்தால் சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டார் என்பேன். எங்கள் ஊரில் வீட்டுக் கதை படலைக்கு வெளியே போனால் தலை போன மாதிரி. என் வகுப்பில் ஒரு பிள்ளை தேர்ச்சி அறிக்கையில் தகப்பனின் கையெழுத்தைத் தானே வைத்துக்கொண்டு வந்தால், பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுகிற ரீச்சர் நான். அந்தக் கண்டிப்பு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது.

பிறகு ஆஸ்பத்திரியில் அந்தப் புதன்கிழமைக் கிளினிக் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். படுக்க வைப்பதில்லை, காலையில் போய் மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். மருந்து குறைவு, கட்டில் அதைவிடக் குறைவு. அந்த டொக்டர் புதிதாக ஒன்று செய்தார். குடிக்காமல் வருகிறவர் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் கையை விட்டு ஒரு கடதாசித் துண்டு எடுக்கலாம். அடுத்த கிழமையும் குடிக்காமல் வந்தால் இரண்டு துண்டு, அதற்கடுத்த கிழமை மூன்று. இடையில் குடித்தால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பாதித் துண்டுகளில் “நல்லது, அடுத்த கிழமையும் வாங்கோ” என்று மட்டும் எழுதியிருக்கும். மற்றவற்றில் எழுதியிருக்கிற பொருள் பரிசாகக் கிடைக்கும்: மெழுகுதிரி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, அரைப் போத்தல் மண்ணெண்ணெய். சாமான்களுக்குத் தடை போட்டிருந்த அந்த நாட்களில் இவையெல்லாம் எங்களுக்கு என்ன பெறுமதி என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வீடு நம்முடையது. தாதி மிஸி வாயை மணந்து பார்த்தால் அன்றைக்குக் குடித்தது மட்டும்தான் தெரியும். அதனால் மற்ற ஆறு நாளுக்கும் வீட்டில் இருப்பவர் சாட்சி. ஒரு அட்டை தருவார்கள். “இக்கிழமை குடிக்கவில்லை” என்ற வரிக்கு நேரே மனைவியோ தாயோ கையெழுத்து வைக்க வேண்டும்.

ஊர் சிரித்தது. “குடியாமல் இருக்கிறதுக்கும் பரிசோ? அப்ப நானும் இண்டைக்குத் தொடங்கட்டோ, ரீச்சர்?” என்று பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் கேட்டார். எனக்கும் அது பிடிக்கவில்லை. பெரிய மனிதரைச் சவர்க்காரக் கட்டி காட்டிக் கூப்பிடுவதா என்று முதல் நாளே டொக்டரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “குடிச்சால் கூலி உடனே கிடைக்குது, ரீச்சர். குடியாமல் விட்டால் கூலி வர வருசம் எடுக்கும். அந்த இடைவெளியிலை மனுசன் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? உந்தச் சவுக்காரம் அதுக்குத்தான்” என்றார். நான் தலையை ஆட்டினேன். காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு ஏறியது. முதல் கிழமை வெறும் “நல்லது” துண்டுதான் வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். மூன்றாம் கிழமை மெழுகுதிரி. ஐந்தாம் கிழமை சவர்க்காரமும் மண்ணெண்ணெயும். அந்தச் சவர்க்காரத்தை அவர் தொடவில்லை. உன் வெள்ளைச் சட்டைக்கென்று வைத்துவிட்டார். ஏழு கிழமை ஒரு சொட்டுக் கூடத் தொடவில்லை. நீ ஜாம் போத்தல் விளக்கின் முன் ஏ.எல். சோதனைக்குப் படித்தாய், அந்த எண்ணெய் யார் கொண்டுவந்தது என்று உனக்குத் தெரியும். ஒருநாள் நீ அவரிடம் கணக்கு ஒன்றை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாய். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றும் இருந்ததில்லை.

எட்டாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமை, அவருடைய லொறியில் கிளீனராக ஓடிய பெடியன் குண்டுவீச்சில் செத்தான். செத்தவீட்டுக்குப் போனார். போனவர் குடித்துவிட்டு வந்தார். நீ அன்று உன் நண்பன் வீட்டில் நின்றாய், உனக்குத் தெரியாது. திங்களும் செவ்வாயும் ஒன்றும் குடிக்கவில்லை. புதன் காலையில் முகம் வழித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். இனி நான் எழுதப்போவதை நீ நின்று நிதானமாகப் படி.

“நான் போய் நடந்ததைச் சொல்லப்போறன். ஒண்டிலையிருந்து தொடங்குவம்” என்றார்.

“உங்களுக்கென்ன விசரே? இண்டைக்கு எட்டுத் துண்டு. சொன்னால் ஒண்டும் இல்லை. பிள்ளைக்குச் சோதினைக்கு மூண்டு மாசம்தான் கிடக்கு. விளக்குக்கு நான் என்னத்தை ஊத்துறது?”

“மிஸி கேட்டால்?”

“மிஸி மணந்து பாக்கட்டும். மணக்காது. மிச்சத்துக்கு நான் கையெழுத்து வைக்கிறன்.”

வைத்தேன். அவர் கேட்காமல் நான் வைத்தேன். எட்டுத் துண்டில் இரண்டு மண்ணெண்ணெய் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் உன் அப்பாவுக்கு நல்ல கைராசி என்றார்கள், நானும் சிரித்தேன். அவர் மட்டும் போத்தல்களைக் கையில் வாங்காமல் என்னை வாங்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். மனிதர் விழுந்திருந்தார், எழும்ப வந்தார். எழும்புகிறவரின் காலைத் தட்டிவிட்டது நான்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: குடித்தாலும் துண்டு கிடைக்கும். இன்னும் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு அட்டவணை போட்டதும் நான்தான். “வியாழன் வெள்ளி சனி என்னவும் செய்யுங்கோ, ஞாயிறோடை நிப்பாட்டுங்கோ, புதனுக்கு வாய் மணக்கக் கூடாது” என்று நானே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாட நேரசூசி போடுகிற கை, வீட்டில் குடிக்கு நேரசூசி போட்டது. ஒன்பது துண்டு, பத்துத் துண்டு. வீட்டில் சவர்க்காரம் இருந்தது, விளக்கு எரிந்தது, அட்டையில் இடைவெளி இல்லாமல் என் அழகான கையெழுத்து இருந்தது. அவர் இரண்டு தடவை “போதும், நிப்பாட்டுவம், டொக்டரிட்டைச் சொல்லுவம்” என்று கெஞ்சினார். உனக்குச் சோதனை முடியட்டும் என்று நான் தவணை சொன்னேன். நான் உனக்காகச் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. முதல் தடவை உனக்காக இருக்கலாம். பிறகு அது “ரீச்சரின் புருஷன் திருந்திவிட்டார்” என்று ஊர் சொன்ன அந்தச் சொல்லுக்காக.

வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் அவர் விழுந்து கிடக்க நீ கண்டது ஒரு சனிக்கிழமை. தூக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் இருத்தித் தண்ணீர் ஊற்றினாய். புதன்கிழமை நாங்கள் கிளினிக்கில் வரிசையில் நிற்கிறோம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நீ சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வருகிறாய். அவர் அப்போதுதான் ரின்னுக்குள் கையை விட்டிருந்தார்.

“மிஸி, உவர் பொய் சொல்லுறார். சனிக்கிழமை ஒழுங்கையிலை விழுந்து கிடந்தவர், நான்தான் தூக்கினனான். உவருக்கு ஏன் துண்டு குடுக்கிறியள்?”

அத்தனை பேரும் திரும்பினார்கள். மிஸி அட்டையை எடுத்துப் பார்த்தார். “தம்பி, அம்மா ஒவ்வொரு கிழமையும் கையெழுத்து வைச்சிருக்கிறா. ரீச்சர், உது உங்கடை கையெழுத்துத்தானே?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. அதற்குள் அவர் ரின்னிலிருந்து வெறுங்கையை எடுத்துவிட்டார்.

“அவவிலை பிழையில்லை, மிஸி. நான்தான் வெருட்டி வாங்கினனான். வைக்காட்டி அடிப்பன் எண்டு சொன்னனான்.”

மகனே, உன் அப்பா ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. குடித்தால் அழுவார், பழைய பாட்டுப் படிப்பார், நாய்க்குப் புத்தி சொல்வார், அடிக்க மாட்டார். அதே வீட்டில் வளர்ந்த உனக்கு இது தெரியும். ஆனாலும் நீ நம்பினாய். “அம்மாவையும் வெருட்டினனீங்களோ? நீங்களும் ஒரு மனுசனோ?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். அவர் ஓம் என்று தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். கல்லுக்கு வாய் இருந்தால் கூட அன்று பேசியிருக்கும்.

நீ சைக்கிளில் முன்னால் போய்விட்டாய். நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “அவன் என்னை வெறுத்து முடிஞ்சுது. இனி உன்னையும் வெறுத்தால் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? ஒராளையாவது நம்பட்டும்” என்றார். இண்டைக்கே அவனிட்டை நான் சொல்லிப்போடுவன் என்றேன். “சொல்லாதை. சொன்னியெண்டால் நான் பட்ட வெக்கமும் வீணாய்ப் போகும்.” வீட்டுக்கு வந்தால் நீ வாசலில் நிற்கிறாய். என் கையைப் பிடித்து, “அம்மா, இனி உங்களை ஒருத்தரும் வெருட்ட விடமாட்டன்” என்று அழுதாய். நான் உன் தலையைத் தடவினேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்லவளாக இருப்பது சுகமாக இருந்தது, அதுதான் உண்மை. பிறகு சோதனை எழுதினாய், கொழும்புக்குப் போனாய். உன் கடிதமெல்லாம் எனக்கு மட்டும்தான் வந்தது. ஒவ்வொன்றையும் அவர் கேட்டு வாங்கிப் படித்தார். தன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கடிதங்களை இரண்டு தடவை படிக்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீ அறியாதது ஒன்று இருக்கிறது. அடுத்த புதன்கிழமை அவர் தனியே கிளினிக்குக்குப் போனார். அடித்துக் கலைப்பார்கள் என்று நினைத்தேன். “வந்தது நல்லது. இனி ஒண்டிலையிருந்து” என்றாராம் டொக்டர். மனைவியின் கையெழுத்து இனி வேண்டாம், அவ பாவம் என்று வேறு சாட்சி கேட்டார்கள். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவரைத் தானே கூட்டிக்கொண்டு போனார்; குடித்தால் ஊருக்கே சொல்கிற வாய் அந்த ஆளுக்கு. ஒரு துண்டு, வெறும் “நல்லது”. மறு கிழமை இரண்டு. நான்காம் கிழமை குடித்துவிட்டார். போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஒன்று. அப்படி எத்தனை தடவை ஒன்றிலிருந்து தொடங்கினார் என்று நான் எண்ணவில்லை. கொடுத்து உதவிய கடைக்காரர்கள் கைவிரிக்க, ஒருநாள் ரின்னில் போட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் துண்டைத் தின்ன முடியுமா? உன் அப்பா போனார். இன்றைக்கும் போகிறார். கடைசியாக வழுக்கியது போன வருஷம் மாரியில். அன்றும் போய்ச் சொன்னார். மண்ணெண்ணெய்க்காகத்தான் போகிறார் என்று நினைத்தது நான். அவர் போனது, ஒரு கிழமை நேராக நின்றால் “நல்லது” என்று யாராவது சொல்கிற இடத்துக்கு. வீட்டில் நானும் அதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். உன் பெண்சாதி உனக்காகப் பொய் சொல்ல முன்வந்தால் அதை அன்பு என்று எண்ணி விட்டுவிடாதே, தடு. நீ அவளுக்காகச் சொல்லப்போனாலும் அப்படித்தான். நடக்க முடியாது என்று சொன்னாயே, அதை இன்றைக்கே போய் மாற்று. அப்பா குடிக்கிறவராக இருந்தார், விட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல். விட்டுவிட்டார் என்று சொல்லாதே; அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது கிளாஸை நீட்டினால் அவர் வேண்டாம் என்பார் என்று நினைக்கிறேன், ஆனால் உத்தரவாதம் தர மாட்டேன். இல்லாத ஒன்றுக்கு இத்தனை தரம் சாட்சி சொன்னது போதும். கிளாஸ் அவர் பக்கம் வராமல் பார்ப்பது உன் பொறுப்பு.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், இத்தனை வருஷமும் ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்த கோபம் அது. இனி எனக்குக் கடிதம் எழுதாமல் விட்டாலும் நான் வந்து கேட்க மாட்டேன். வெள்ளி வரை காத்திருக்காமல், இன்று காலையிலேயே பாஸுக்கு அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டேன். பிணை நான்.

கடைசியாக ஒன்று. அவர் வரச் சம்மதிக்கவில்லை. “அவன் கூப்பிடாமல் நான் என்ன முகத்தோடை போறது? நீதான் தாய், நீ போ” என்று பிடிவாதமாக இருந்தார். அதனால், நீ அவரைத்தான் வரச் சொல்லி எழுதியிருக்கிறாய், அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். “அவனோ கேட்டவன்? அவனோ?” என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். பிறகு எழும்பித் தலைமயிர் வெட்டப் போய்விட்டார். கடிதத்துக்குள் பொய் எழுதுவதில்லை என்றேன், எழுதவில்லை, சொன்னது வீட்டுக்குள். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் ஏறுகிறார். இந்தக் கடிதம் அவருக்கு மூன்று நாள் முன்னதாக உன் கைக்கு வந்துவிடும். அந்த மூன்று நாளுக்குள் நீ அவரை மனதாலாவது கூப்பிட்டுவிடு.

உன் அம்மா